நர்சிங் அசிஸ்டன்ட் பரீட்சை வகுப்புக்கு 3,800 வெள்ளி கேட்கிறார்கள், கட்டலாமா?

சிப்புட்_அப்பா | வெள்ளிக்கிழமை, இரவு 9.12

வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன், செம்பனை எஸ்டேட்டில் லோரி ஓட்டுகிறேன். மகள் போன வருடம் படிவம் ஐந்து முடித்தாள். எஸ்பிஎம் பரீட்சையில் மலாய், வரலாறு, அறிவியல், தமிழ் நான்கிலும் கிரெடிட். கணிதமும் ஆங்கிலமும் வெறும் பாஸ்.

என் அம்மாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து இடது பக்கம் பலம் போய்விட்டது. குளிப்பாட்டுவது, சட்டை மாட்டுவது எல்லாம் மகள்தான். அதைச் செய்து செய்து அவளுக்கு இந்த வேலையிலேயே ஆசை வந்துவிட்டது.

போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார். "சர்வதேச நர்சிங் அசிஸ்டன்ட் தேர்வுப் பயிற்சி, 6 வாரம், முழுக்க ஆன்லைன், 100 விழுக்காடு தேர்ச்சி, அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா மூன்றிலும் வேலை" என்று போட்டிருக்கிறது. கட்டணம் 3,800 வெள்ளி. இந்த மாதத்துக்குள் 500 முன்பணம் கட்டினால் 600 கழிவாம். நல்ல வகுப்பு எது, கெட்ட வகுப்பு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கிராணி | இரவு 9.20

முன்பணம் கட்டிவிட்டீர்களா இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

சிப்புட்_அப்பா | இரவு 9.24

இல்லை ஐயா. திங்கட்கிழமை வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய_கிராணி | இரவு 9.31

அப்படியானால் மூன்று நாள் இருக்கிறது. நிதானமாகப் பேசலாம்.

செம்பனை_காட்டான் | இரவு 9.45

எதற்கு வகுப்பு? யூடியூபில் எல்லாம் இலவசமாகக் கிடக்கிறது. நர்சிங் அசிஸ்டன்ட் என்று தட்டினால் போதும், பெட்ஷீட் மாற்றுவதிலிருந்து பிரஷர் பார்ப்பது வரை வருகிறது. 3,800 வெள்ளிக்கு பாட்டிக்கு நல்ல கட்டில் வாங்கிப் போடலாம் அண்ணே.

வார்டு_மிஸ்ஸி | இரவு 10.50

இப்போதுதான் டியூட்டி முடிந்து வந்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் 19 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ்.

அண்ணே, நல்ல வகுப்பா கெட்ட வகுப்பா என்பது இரண்டாவது கேள்வி. இது எந்தப் பரீட்சைக்கான வகுப்பு என்பதை முதலில் கேளுங்கள். யார் அந்தப் பரீட்சையை நடத்துகிறார்கள், அதை எழுத உங்கள் மகளுக்குத் தகுதி உண்டா? நோட்டீஸில் மூன்று நாட்டைப் போட்டிருக்கிறார்கள். இந்த மூன்று நாட்டுக்கும் பொதுவாக ஒரு பரீட்சை கிடையாது.

மலேசியாவில் தாதியாக வேலை செய்ய லெம்பாகா ஜுருராவாட்டில், அதாவது தாதியர் வாரியத்தில், பெயர் பதிய வேண்டும். 1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பதிய வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் மூன்று வருட டிப்ளோமாவாவது முடித்துவிட்டு வாரியத்தின் பரீட்சையில் தேற வேண்டும். ஆறு வாரம் ஆன்லைனில் படித்துவிட்டு அந்தப் பரீட்சை மண்டபத்துக்குள் யாரும் நுழைய முடியாது. டிப்ளோமாவில் சேரவே கணிதத்தில் கிரெடிட் கேட்பார்கள், உங்கள் மகளுக்கு அதுதான் குறை.

அப்புறம் ஆஸ்பத்திரியில் பிபிகே என்று ஒரு வேலை இருக்கிறது, பெம்பாந்து பெராவாத்தான் கெசிஹாத்தான். முன்பு அட்டெண்டன் என்போம். ஸ்பஞ்ச் கொடுப்பது, பெட்பேன் வைப்பது, எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் அவர்கள். அவர்கள் ஒரு நாள் வராவிட்டால் என் வார்டு நின்றுவிடும். அந்த வேலைக்கு ஆள் எடுப்பது எஸ்பிஏ, பொதுச் சேவை ஆணையம். விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது.

தனியார் ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் சென்டர், முதியோர் இல்லங்களில் கேர்கிவர், ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் என்று எடுப்பார்கள். அங்கே எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. அதைப் பற்றித் தெரிந்தவர்கள் வந்து சொல்லட்டும்.

காட்டான் தம்பி, யூடியூபைப் பார்த்து பிரஷர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன் என்று வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காதில் ஸ்டெதஸ்கோப்பைத் திருப்பி மாட்டிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை என்பார்கள்.

செம்பனை_காட்டான் | இரவு 11.02

😂 சரி மிஸ்ஸிக்கா, வாயை மூடிக்கொள்கிறேன்.

சாக்ரமெண்டோ_மருமகள் | சனிக்கிழமை, காலை 6.40

நான் தெலுக் இந்தான் பெண். கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்தவள். வேலை செய்ய அனுமதி கிடைத்த பிறகு இங்கே சிஎன்ஏ, அதாவது சான்று பெற்ற நர்சிங் அசிஸ்டன்ட் பயிற்சி, முடித்து நர்சிங் ஹோமில் வேலை செய்கிறேன். நோட்டீஸில் அமெரிக்கா என்று இருக்கிறதே, அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

இங்கே 1987இல் வந்த ஒரு கூட்டரசுச் சட்டம்தான் அடிப்படை. நர்சிங் ஹோமில் நர்ஸ் எய்டாக வேலை செய்ய, மாநிலம் ஒப்புக்கொண்ட பயிற்சி குறைந்தது 75 மணி நேரம் வேண்டும். அதில் 16 மணி நேரமாவது மேற்பார்வையில் கையால் செய்து பழக வேண்டும். இது குறைந்தபட்சம்தான், மாநிலங்கள் கூட்டிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் 160 மணி நேரம்: 60 பாடம், 100 நோயாளிகளிடம். பயிற்சி முடித்தபின் பரீட்சை, தேறினால் அந்த மாநிலத்தின் பதிவேட்டில் பெயர் ஏறும். பரீட்சைக்குக் குறைந்தது மூன்று வாய்ப்பு தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

ஆகவே அந்த ஏஜெண்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த மாநிலம்?" பதில் சொல்லத் தெரியாவிட்டால் அதோடு விடுங்கள். சொன்னாலும், அந்த மாநிலத்தின் ஒப்புதல் பட்டியலில் அவர்கள் பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கிறது.

விசா கதை தனி. சிஎன்ஏ சான்றிதழ் விசா வாங்கித் தராது. இங்கே வாழவும் வேலை செய்யவும் ஏற்கனவே உரிமை உள்ளவர்களுக்குத்தான் அது உதவும். இதை நோட்டீஸில் போடமாட்டார்கள்.

இன்னொன்று. பரீட்சைத் தயாரிப்பு வகுப்பு வேறு, பயிற்சி வேறு. தயாரிப்பு வகுப்பு என்பது பயிற்சியை முடித்தவர் பரீட்சைக்கு முன் ஒத்திகை பார்ப்பது. அதை மட்டும் விற்றுவிட்டு "நீ நர்சிங் அசிஸ்டன்ட் ஆகிவிட்டாய்" என்றால், டிரைவிங் பாடம் எடுக்காமல் உண்டாங் (சாலை விதி) புத்தகத்தை மட்டும் மனப்பாடம் செய்த கதைதான்.

சிப்புட்_அப்பா | காலை 7.15

நன்றி தங்கச்சி. அந்தப் பரீட்சையில் என்னதான் கேட்பார்கள்? மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள், அவள்தான் கேட்கச் சொல்கிறாள்.

சாக்ரமெண்டோ_மருமகள் | காலை 11.05

மகளே, உனக்கே நேராகச் சொல்கிறேன்.

நான் எழுதியதில் எழுத்துப் பரீட்சைக்கு 70 கேள்வி. 60க்குத்தான் மதிப்பெண். மீதி 10 அவர்கள் சோதித்துப் பார்க்கும் கேள்விகள், எது எதென்று நமக்குத் தெரியாது. அது பெரிய கஷ்டமில்லை. செய்முறையில்தான் ஆட்கள் விழுவார்கள். ஐந்து வேலை செய்து காட்ட வேண்டும். அதில் கை கழுவுவது கட்டாயம், இன்னொன்று அளந்து எழுதும் வேலை. எனக்கு நாடித்துடிப்பு வந்தது. ஒரு முழு நிமிடம் எண்ணி எழுத வேண்டும், பரீட்சை வைப்பவரும் அதே நேரத்தில் எண்ணுவார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் வேலை அங்கே ஆகாது.

நான் முதல் தடவை ஃபெயில். சிரிக்காதீர்கள், கை கழுவுவதில். இருபது விநாடி தேய்த்தேன், விரல் இடுக்கு, நகம் எல்லாம் செய்தேன், பேப்பரில் துடைத்தேன். கடைசியில் பழக்க தோஷம், வெறும் கையால் குழாயை மூடிவிட்டேன். பேப்பர் டவலால்தான் மூட வேண்டும். கழுவின கை திரும்ப அழுக்குக் குழாயைத் தொட்டால் கழுவியதற்கு அர்த்தமே இல்லையே.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. வீடியோவை நூறு முறை பார்த்திருந்தேன், ஆனால் நான் செய்வதை ஒருவர்கூட பார்த்ததில்லை. இரண்டாவது தடவைக்கு முன் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். நாலே பேர். அவர் பென்சிலும் தாளுமாக நிற்பார். கதவைத் தட்டினாயா, பெயர் சொன்னாயா, திரையை இழுத்தாயா, கட்டிலைத் தாழ்த்தினாயா, அழைப்பு மணியைக் கையெட்டும் தூரத்தில் வைத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கோடு போடுவார். காசு கொடுப்பதானால் அந்தப் பென்சிலுக்குக் கொடுக்கலாம். கேள்வித் தொகுப்புக்கு வேண்டாம். பரீட்சை நடத்தும் நிறுவனமே கையேட்டை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது, எல்லா வேலையும் படிப்படியாக அதில் இருக்கிறது. அதையே அச்சடித்து "ரகசியக் குறிப்பு" என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே நர்சிங் ஹோம் உங்களை வேலைக்கு எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தால் அதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது என்பதும் கூட்டரசு விதி. நான் அது தெரியாமல் சொந்தக் காசு கட்டிப் படித்தேன்.

பழைய_கிராணி | பகல் 1.30

எங்கள் காலத்து டிரசர் நினைவுக்கு வருகிறார். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவர்தான் டாக்டர், நர்ஸ், மருந்துக் கடை எல்லாம். காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்ததும் வரிசையில் நிற்போம். எந்த நோவுக்கும் அதே போத்தல்தான். அவர் எங்கே படித்தார், யாரிடம் சான்றிதழ் வாங்கினார் என்று லயத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தெரியாது. இப்போது நம் பிள்ளைகள் கேட்கலாம். கேளுங்கள்.

ரசீது விஷயமும் சொல்லிவிடுகிறேன். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களே தவணையில் பணம் கட்டி அதில் பங்கு வாங்கினார்கள். என் அப்பா ஒவ்வொரு ரசீதையும் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். கோயில் மண்டபத்தில் நோட்டீஸ் கொடுப்பவரிடம் கம்பெனி முத்திரை போட்ட ரசீது கேளுங்கள். முகத்தைப் பாருங்கள்.

ஈப்போ_பயிற்றுநர் | பகல் 3.10

மிஸ்ஸி கூப்பிட்டதால் வருகிறேன். நான் எஸ்கேஎம் நடத்தும் ஒரு நிலையத்தில் பயிற்றுநர். என்னுடைய நிலையத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், இந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் என் பேச்சையும் கொஞ்சம் சந்தேகத்தோடே படியுங்கள்.

எஸ்கேஎம்மைக் கொடுப்பது ஜேபிகே, மனிதவள அமைச்சின் கீழ் உள்ள திறன் மேம்பாட்டு இலாகா. பின்னால் இருப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம், ஆக்டா 652. ஒன்று, இரண்டு, மூன்று என்று நிலைகள், நான்காவதும் ஐந்தாவதும் டிப்ளோமா. எல்லா இடத்திலும் கொடுக்க முடியாது, பூசாட் பெர்தாவுலியா என்ற, தவுலியா (பயிற்சி நடத்தும் அங்கீகாரம்) பெற்ற நிலையத்தில்தான்.

இங்கேதான் ஆட்கள் ஏமாறுவது. தவுலியா என்பது மொத்த நிலையத்துக்கும் கொடுக்கும் பட்டயம் அல்ல. ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி, முடிவுத் தேதியும் உண்டு. சமையலுக்குத் தவுலியா வைத்துக்கொண்டு பராமரிப்பு வகுப்புக்கு ஆள் சேர்ப்பவர்கள் உண்டு. இரண்டாம் நிலைக்கு மட்டும் வாங்கிவிட்டு மூன்றாம் நிலை வரை என்று போஸ்டர் ஒட்டுபவர்களும் உண்டு. ஜேபிகேயின் மைஸ்பைக் தளத்தில் நிலையத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

ஏஜெண்ட் எஸ்எஸ்எம் எண்ணைக் காட்டுவார். அது கம்பெனி பதிவு, பேக்கரி திறந்தாலும் அந்த எண் உண்டு. எச்ஆர்டி கார்ப்பில் பதிந்தவர்கள் என்பார். முதலாளிகள் கட்டும் லெவியில் ஊழியருக்குப் பயிற்சி கொடுக்க அந்தப் பதிவு வேண்டும், அவ்வளவுதான். இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டும் உங்கள் கேள்விக்குப் பதிலும் இல்லை.

எஸ்கேஎம்மில் ஒரு நாள் உட்கார்ந்து எழுதி முடிக்கும் பரீட்சை மட்டும் கிடையாது. மாணவர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் போர்ட்ஃபோலியோ சேர வேண்டும். உள்ளே மதிப்பிடுவோம், பிறகு பிபிஎல் என்று ஜேபிகே நியமித்த வெளிச் சரிபார்ப்பு அதிகாரி வந்து பார்ப்பார். நேரில் போனால் "பிபிஎல் கடைசியாக எப்போது வந்தார்?" என்று கேளுங்கள். ஒழுங்காக நடத்தும் இடத்தில் மாதம், நாள், அவர் எதைக் குறை சொன்னார் என்பது வரை சொல்வார்கள். மற்ற இடத்தில் "பிபிஎல்லா?" என்பார்கள்.

பிறகு கட்டிலைப் பாருங்கள். எத்தனை கட்டில், எத்தனை மாணவர்? சக்கர நாற்காலியில் பிரேக் வேலை செய்கிறதா? நேரடிப் பயிற்சிக்கு எந்த முதியோர் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கிருந்து கடிதம் இருக்கிறதா? இவற்றைக் கேட்டால் கோபப்படும் இடத்தில் சேராதீர்கள்.

எஸ்கேஎம் முடித்தவர் தாதி ஆகிவிட மாட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிஸ்ஸி சொன்ன பதிவேடு வேறு. இதை ஒளித்து ஆள் சேர்ப்பது எங்கள் தொழிலில் நடக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை.

கூலிம்_அண்ணன் | மாலை 5.48

பயிற்றுநர் சொன்ன "இரண்டாம் நிலைக்கு மட்டும்" கதை என் வீட்டில் நடந்தது. பெயர் எல்லாம் வேண்டாம். மகன் பிடிபிகே என்ற அரசாங்கத் திறன் பயிற்சி நிதியின் கடனில் சேர்ந்தான். மூன்றாம் நிலை வரை என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இரண்டு முடிந்ததும், மூன்றுக்கு "பேப்பர் இன்னும் வரவில்லை" என்று எட்டு மாதம் இழுத்தார்கள். அதற்குள் அவன் ஜூருவில் ஃபேக்டரி வேலைக்குப் போய்விட்டான். கடன் தவணையை இன்றைக்கும் நான்தான் கட்டுகிறேன். கடன் இருந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கையெழுத்துக்கு முன் எந்த நிலைக்குத் தவுலியா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஈப்போ_பயிற்றுநர் | மாலை 6.05

ஆமாம் அண்ணே, பிடிபிகே கடன் ஜேபிகே அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் கிடைக்கும். ஆனால் அது அந்த நிலைக்குத்தான். அடுத்த நிலைக்கு அது உத்தரவாதமில்லை.

மோட்டார்_பையன் | இரவு 8.22

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பிபிகே வேலைக்கு, பழைய யூ11 கிரேடு, பரீட்சைக் குறிப்பு என்று 35 வெள்ளிக்கு வாட்சாப்பில் பிடிஎஃப் விற்கிறார்கள். வாங்கலாமா? சிங்கப்பூருக்கும் போகலாம் என்கிறார்களே?

வார்டு_மிஸ்ஸி | இரவு 9.15

தம்பி, அந்த பிடிஎஃப் எஸ்பிஏ கொடுப்பது இல்லை, எஸ்பிஏ பெயரைப் போட்டு யாரோ செய்வது. 35 வெள்ளி போனால் பரவாயில்லை என்றால் வாங்கிப் பார். நான் கூட உட்கார்ந்த நேர்காணல்களில் கேட்டதெல்லாம் சாதாரணக் கேள்விதான்: நோயாளி தரையில் விழுந்து கிடந்தால் முதலில் என்ன செய்வாய்? தூக்குவேன் என்று சொல்லிவிடாதே. நர்ஸைக் கூப்பிடு, அவரை அசைக்காதே.

சிங்கப்பூரில் என்ரோல்டு நர்ஸ் என்றால் அங்குள்ள நர்சிங் போர்டில் பதிவான தகுதி. ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் அந்தப் பதிவு வேண்டாத வேலை. அதற்கு எடுக்கிற முதலாளியிடமே நேராக விசாரி. இங்கே ஒருவரிடம் பரீட்சைப் பயிற்சிக்குக் காசு கட்டிவிட்டுப் போக வேண்டியதில்லை.

அண்ணே, உங்கள் மகளுக்கு ஒன்று. கணிதத்தைத் தனியார் வேட்பாளராகத் திரும்ப எழுதச் சொல்லுங்கள். இந்த வருடம் எஸ்கேஎம் செய்தாலும் பரவாயில்லை, அந்த ஒரு கிரெடிட் கையில் இருந்தால் டிப்ளோமா கதவு திறந்தே இருக்கும். எத்தனை கிரெடிட் என்ற விதி முன்பும் மாறியிருக்கிறது, சேரும் வருடத்தில் கல்லூரியிடம் கேட்டுக்கொள்ளலாம். இருபத்தைந்து வயதில் படிக்க வந்தவர்கள் என் வார்டிலேயே இருக்கிறார்கள்.

பாட்டிக்குச் சட்டை மாட்டும்போது எந்தக் கையை முதலில் விடுகிறாள் என்று கேளுங்கள்.

சிப்புட்_அப்பா | இரவு 9.40

நல்ல கையைத்தான் முதலில் என்கிறாள். அதுதானே சுலபம்?

சாக்ரமெண்டோ_மருமகள் | இரவு 11.58

இல்லை இல்லை. மாட்டும்போது பலமில்லாத கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில். நல்ல கையை மாட்டிவிட்டால் மிச்சமிருக்கும் இறுக்கமான துணிக்குள் வராத கையை முறுக்க வேண்டியிருக்கும், தோளில் வலி எடுக்கும். இது பரீட்சையிலும் வரும் மகளே.

பழைய_கிராணி | செவ்வாய்க்கிழமை, காலை 8.03

என்ன ஆயிற்று? திங்கட்கிழமை போய்விட்டதே. ஆள் வந்தாரா?

சிப்புட்_அப்பா | இரவு 8.30

வந்தார் ஐயா. டீ கொடுத்தோம். எந்த மாநிலம் என்று மகள் கேட்டாள். "எல்லா மாநிலத்திலும் செல்லும்" என்றார். தவுலியா எண் கேட்டேன், எஸ்எஸ்எம் தாளைக் காட்டினார், பயிற்றுநர் சொன்ன மாதிரியே. ரசீது பிறகு வாட்சாப்பில் வரும் என்றார். டீயை முடித்துவிட்டு, கழிவு நாளைக்கு வரைதான் என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அவருக்கே யாரோ சொல்லித்தான் விற்கிறார் போலிருக்கிறது.

இன்றைக்கு லீவு போட்டு ஈப்போவில் ஒரு நிலையத்துக்கு மகளோடு போனேன். மைஸ்பைக்கில் பார்த்துவிட்டுத்தான் போனோம். இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் தவுலியா இருக்கிறது, தேதியும் ஓடவில்லை. பதினெட்டு மாணவருக்கு நான்கு கட்டில். ஒரு சக்கர நாற்காலியின் பிரேக் பிடிக்கவில்லை, சுற்றிக் காட்டிய அம்மாவே அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, போன தடவை பிபிஎல் குறித்துவிட்டுப் போனார் என்றார். முன்பணம் கேட்கவில்லை. யோசித்துவிட்டு வாருங்கள் என்றார்கள்.

செம்பனை_காட்டான் | இரவு 8.41

பிரேக் பிடிக்காத நாற்காலி உள்ள இடத்திலா சேர்க்கப் போகிறீர்கள்?

ஈப்போ_பயிற்றுநர் | இரவு 8.55

ஒளிக்காமல் சொன்னார்களே தம்பி. இன்னொரு முறை போய்ப் பாருங்கள் அண்ணே. இரண்டு வாரம் கழித்தும் அந்த பிரேக் அப்படியே இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

சிப்புட்_அப்பா | இரவு 9.20

அப்படியே செய்கிறேன். கணிதத்துக்கும் விசாரித்தாயிற்று.

இன்றைக்குச் சாயங்காலம் அம்மாவுக்கு மகள் இடது கையை முதலில் விட்டுச் சட்டை மாட்டினாள். அம்மாவுக்கு ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பேச்சு அவ்வளவாக வராது. "எவ சொல்லிக் குடுத்தா?" என்று தெளிவாகக் கேட்டார்கள். சாக்ரமெண்டோவில் ஒரு அக்கா என்றாள் மகள். அது எஸ்டேட்டில் எந்த டிவிஷன் என்று கேட்கிறார்கள்.